வலிக்கு முன்னால்

நாயின் முன்னங்காலை நீட்டிப் பிடித்து, மழித்த இடத்தில் ஊசி ஏற்ற ரத்தக்குழாயைத் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி மேஜைமேல் அதிர்ந்தது. கால்நடை டாக்டரான அவள் நிமிரவில்லை. நாயின் தலையைப் பிடித்திருந்த சிஸ்டர்தான் எட்டிப் பார்த்து, "உங்க அண்ணன்" என்றாள்.

"ஸ்பீக்கர்ல போடுங்க சிஸ்டர்."

"எங்க இருக்க?" என்றது அண்ணனின் குரல். "அப்பா ராத்திரி பூரா தூங்கல. இப்பவும் மருந்துன்னு சொன்னாலே வாயை இறுக்கி மூடிக்கிறாரு. நீ வந்து சொல்லிப் பாரு."

"ஒரு காலை எடுக்க வேண்டியிருக்கு. முடிச்சிட்டு வரேன்."



"யாரு காலை?"

"நாயோட கால்ணா."

"சரி" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாயின் காதைத் தடவினாள்.

முந்தின நாள் மாலை ஒரு வேன் ஏறியதில் நாயின் பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நசுங்கிப் போயிருந்தது. அதை வளர்த்த பேக்கரிக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருந்ததால் புருவமெல்லாம் மாவு.

"ஒரு சத்தம் போடல பாத்தீங்களா டாக்டர்? நானா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பேன். தைரியசாலி."

"தைரியம் இல்லைங்க. பயத்துல அடக்கிட்டிருக்கு. கண்ணைப் பாருங்க, இடுக்கிக்கிட்டு எங்கேயோ பாக்குது. காது பின்னாடி போயிருக்கு. அதான் அதோட கத்தல்."

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எப்படியும் மயக்கம் குடுத்துத்தானே வெட்டப் போறீங்க? தூங்குறப்ப என்ன தெரியப் போகுது? அதுக்குள்ள எதுக்கு வலி ஊசி?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. அவளிடம் தயாராக ஒரு பதில் உண்டு.

"தூங்குறது அதோட நினைவுதான். உடம்பு தூங்காது. கத்தி படுற ஒவ்வொரு தடவையும் நரம்பு உள்ள போய்ச் சொல்லிக்கிட்டே இருக்கும். முழிக்கும்போது மொத்த வலியும் கூட்டமா வந்து நிக்கும். அதுக்கப்புறம் மருந்து குடுக்கிறது, கிளம்பின பஸ்ஸைத் துரத்துற மாதிரி. முன்னாடியே குடுத்துட்டா ஸ்டாப்ல நின்னு ஏறிக்கலாம்."

"அப்ப முழிச்சா வலிக்காதா?"

"வலிக்கும். தாங்குற அளவுக்குத்தான். அப்பவும் குடுப்போம்."

அவர் தலையாட்டினார். நாயின் நெற்றியில் ஒரு முறை கையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். நெற்றியில் அவர் விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

அறுவை சிகிச்சை ஒழுங்காக நடந்தது. தொடைக்குள் ஓடும் பெரிய நரம்பை வெளியே எடுத்ததும், அதைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்திவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மருந்து வேலை செய்யும்வரை நிற்க வேண்டும். கூடப் படித்தவர்களில் பலருக்கு இப்படி நிற்பது மட்டும் வராது. பிறகு வெட்டினாள். சிஸ்டரின் பார்வை திரையில் இருந்தது. இதயத் துடிப்பின் கோடு துள்ளவில்லை. முன்பு எப்படிப் போய்க்கொண்டிருந்ததோ அப்படியே போனது.

"தெரியவே இல்ல அதுக்கு" என்றாள் சிஸ்டர்.

கடைசித் தையலைப் போட்டுவிட்டு, எழுந்த பிறகு கவனிக்க வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நகரத்தின் பாதி உயரமான கட்டடங்களில் அவர் தொங்கியிருக்கிறார். மகள் கால்நடை மருத்துவம் படிக்கப் போனபோது, "எதிர்த்துப் பேசாத பேஷண்டாப் பாத்துப் பிடிச்சிட்டா, கெட்டிக்காரி" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் பேச்சில் குறைவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டரிடம், "மேல போறதுக்கு வண்டி ரெடி சார், வயரிங்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது" என்பார். அந்த டாக்டர்தான் மார்ஃபின் கரைசல் எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் குடித்தால் வலி அடங்கும். கூடவே தூக்கமும் வரும்.

சின்ன மகன் கப்பலிலிருந்து இறங்கிவிட்டான், வந்துகொண்டிருக்கிறான் என்ற செய்தி வந்ததிலிருந்து அப்பா மருந்தை நிறுத்திவிட்டார். அவனுக்கு வீட்டில் கேப்டன் என்று பெயர். கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர் அவன். மேல்தளத்துக்கு வருவதே சாப்பிடத்தான். ஆனால் முதல் முறை கிளம்பியபோது அப்பா வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

"இதைக் குடிச்சா தூங்கிடுவேன். கேப்டன் வர்றப்ப நான் முழிச்சிருக்கணும்." இதற்கு மேல் அவரிடம் யாரும் பேச முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கையைக் கழுவினாள். அப்பாவின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அவர் முழங்கால்களை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தார். போர்வை வயிற்றில் படுவதைக்கூட அவரால் பொறுக்க முடியவில்லை என்பதால், அண்ணன் ஓர் அட்டைப் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் வெட்டிக் கூடாரம்போல் வயிற்றுக்குமேல் கவிழ்த்து, அதன்மேல் போர்வையைப் போர்த்தியிருந்தான். பெட்டியில் ஒரு மிக்ஸியின் படம் இருந்தது. கால்மாட்டில் அம்மா உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவரைத் தொட முடிந்த ஒரே இடம் அதுதான்.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பதில் சொல்ல முடியாதவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அவள் படித்த படிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மூச்சு உள்ளே போய்க் கொஞ்சநேரம் அங்கேயே பிடித்து வைக்கப்பட்டது, பிறகு துண்டு துண்டாக வெளியே வந்தது. தாடை இறுகியிருந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடியிருந்தார். ஜன்னலைப் பார்ப்பதுபோல் கண்கள் திறந்திருந்தாலும் ஜன்னலைப் பார்க்கவில்லை. போர்வையின் நுனியைத் தூக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா தேய்த்துத் தேய்த்தும் சூடு ஏறாமல் ஜில்லிட்டிருந்தது. முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாக நீலம் பாரித்திருந்தது.

"வந்துட்டானா?" என்றார் அப்பா.

"வந்துட்டே இருக்கான்பா."

அவள் எழுந்து, வராந்தாவில் நின்று டாக்டரிடம் போனில் பேசிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அண்ணன் தொட்டியில் ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு மாதமாக அரைநாள் விடுப்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான்.

"உன்கிட்டயும் இல்லைன்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"பின்ன என்ன செய்ய? அவரே வேணாம்கிறாரு. புத்தி தெளிவா இருக்கு. உன் நாயைப் பிடிச்சு ஊசி போடற மாதிரி போட முடியுமா?"

"முடியாது. நாயா இருந்தா எப்பவோ போட்டிருப்பேன்."

அண்ணன் டம்ளரைத் திருப்பித் திருப்பிக் கழுவினான். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"கேப்டன் எப்ப வர்றான்?"

"அடுத்த ஃப்ளைட் மாறி, நாளைக்குக் காலைல."

"காலைல வரைக்கும் அப்பா இருக்க மாட்டாருண்ணா."

குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. சற்றுப் பொறுத்து அவன் அதை மூடினான்.

"நிச்சயமா?"

"கால் ஜில்லிட்டு நீலம் பாரிச்சிருக்கு. மூச்சையும் பாத்தேன்."

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"போன் பண்ணிட்டுத்தான் வந்தேன். அவரும் அதையேதான் சொல்றாரு. இருக்கிற நேரத்தை நல்லபடியா ஆக்குங்கன்னாரு."

கைப்பேசியை எடுத்துத் தம்பியின் எண்ணை அவள் அழுத்துவதை அண்ணன் பார்த்தான். "அவன்கிட்ட எதுக்கு?" என்றான். அதற்குள் மணி போய்விட்டது.

ஏதோ ஒரு விமான நிலையத்தின் இரைச்சல் முதலில் கேட்டது. பிறகு தம்பியின் குரல்: "அக்கா? எப்படி இருக்காரு?"

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அப்பா கடுமையான வலியில் இருக்கிறார். மருந்து இருக்கிறது, குடிக்க மாட்டேன் என்கிறார். நீ வரும்போது விழித்திருக்க வேண்டுமாம். பேக்கரிக்காரரிடம் பேசிய அதே குரலில்தான் இதையும் சொன்னாள். வேறு குரல் அவளிடம் இல்லை.

"எனக்காகவா?"

"ஆமா. நீ சொன்னாத்தான் கேப்பாரு."

"குடிச்சா தூங்கிடுவாரா?"

"தூங்கிடுவாரு."

"அப்ப நான் வர்றப்ப பேச மாட்டாரு."

"குடிக்கலைன்னாலும் பேச மாட்டாருடா. அவ்வளவு நேரம் இல்ல."

யாரோ ஒரு பெண் ஒலிபெருக்கியில் பயணிகளை வரிசையில் நிற்கச் சொன்னாள். பெட்டியின் சக்கரங்கள் உருண்டு போகும் சத்தம் வந்தது. அண்ணன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"போனை அவர்கிட்ட குடு" என்றான் தம்பி.

அவள் அறைக்குள் போய் அப்பாவின் காதருகே கைப்பேசியைப் பிடித்தாள். அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா. நான்தான்."

அப்பாவின் கண்கள் நகர்ந்தன. உதட்டை நனைத்துக்கொள்ள நேரம் எடுத்தது.

"சாப்டியா?"

"சாப்டேம்பா. இங்க ஏர்போர்ட்ல நல்லா சாப்டேன். அப்பா, இங்க பாருங்க, பாதி தூரம் வந்துட்டேன். நீங்க அந்த மருந்தைக் குடிச்சிட்டுத் தூங்குங்க. நான் வந்து எழுப்புறேன்."

அம்மாவின் கை பாதத்தின்மேல் அப்படியே நின்றது.

"கேக்குதாப்பா? நான் வந்து எழுப்புறேன். வரிசை நகருது, நான் போகணும். தூங்குங்க."

"சரி" என்றார் அப்பா.

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அது வரிசை நகர்ந்ததாலா, அவனே வைத்தானா என்று தெரியவில்லை. அவள் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து, டாக்டர் சொன்ன அளவை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சினாள். அண்ணன் கையை நீட்டினான்.

"நான் குடுக்கிறேன்."

கொடுத்தாள். அப்பா வாயைத் திறந்தார். அண்ணன் அதைக் கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விட்டான். கடைவாயில் வழிந்ததைத் தன் விரலால் துடைத்தான். அந்த விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான்.

முதல் தடவை கொடுத்தது போதவில்லை. போதாது என்று அவளுக்குத் தெரியும். வலி இரண்டு நாளாக வீடு கட்டிக் குடியிருந்தது. சொன்னவுடன் காலி செய்யுமா? காத்திருந்தாள். டாக்டரிடம் மறுபடி பேசினாள். அவர் சொன்ன இன்னொரு அளவையும் அண்ணன்தான் கொடுத்தான். எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் அடுக்கினார்கள். தண்ணீர்க் கேன் போடுகிறவர் வந்து, வாசலில் செருப்புகளைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கேனை வைத்துவிட்டுப் போனார்.

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டிச் சுவருக்குப் போனபோது அப்பாவின் நெற்றி தளர்ந்தது. முதலில் புருவத்துக்கு நடுவே இருந்த மடிப்பு போனது. பிறகு தாடை. முஷ்டி திறந்து கட்டைவிரல் வெளியே வந்தது. உள்ளங்கையில் நகம் பதிந்த தடங்கள் இருந்தன. கடைசியாக, மடக்கியிருந்த கால்கள் தாமாகவே நீண்டன. இரண்டு நாளைக்குப் பிறகு அவர் மல்லாந்து படுத்தார்.

"தூங்குறாரு" என்றாள் அம்மா, தொட்டிலில் குழந்தையைப் போட்டுவிட்டு வந்து சொல்கிற மாதிரி.

குறட்டைகூட வந்தது. அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தான். "இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் சின்ன வயசுல நான் கூடத்துல படுத்தேன்" என்றான். மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அம்மா ஒரு பிஸ்கட்டும் சாப்பிட்டாள்.

மாலையில் மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. ஒன்று வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. அவர்கள் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள்.

"நின்னுடுச்சா?" என்றாள் அம்மா.

மகள் குனிந்து பழக்கத்தில் இமையை விலக்கிப் பார்த்தாள். கழுத்தில் இரண்டு விரலை வைத்துக் காத்திருந்தாள். பிறகு கையை எடுத்து இமைகளை மூடினாள்.

"ஆமாம்மா."

அம்மா எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு ஏன் நிறுத்தினோம் என்பதுபோல் மறுபடி போட்டாள்.

அண்ணன் வெளியே போய்ச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தான். அவன் குரல் வராந்தாவில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. தம்பி வானத்தில் எங்கோ இருந்தான். அவனுடைய எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே வந்த அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு தங்கையிடம் சொன்னான்:

"அவன்கிட்ட நீ அதைக் கேட்டிருக்கக் கூடாது."

"தெரியும்."

"வாழ்நாள் பூரா அவன் மனசுல நிக்கும்."

"தெரியும்ணா."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது அவள் கைப்பேசி அதிர்ந்தது. சிஸ்டர்.

"டாக்டர், மன்னிச்சிக்கோங்க. இந்த நேரத்துல கூப்பிடறேன். மயக்கம் தெளிஞ்சதிலேர்ந்து முனகிக்கிட்டே இருக்கு. மயக்கம் தெளியுற முனகலா, வலியான்னு எனக்குப் பிடிபடல."

"படுத்திருக்கா, உக்காந்திருக்கா?"

"முதுகைக் கூனிக்கிட்டு உக்காந்திருக்கு. படுக்க மாட்டேங்குது."

"இப்பவா?" என்றான் அண்ணன்.

அவள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். இப்போதுதான்.

"சிஸ்டர், முதல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தலையைத் தடவுங்க. அடங்குதான்னு பாருங்க. மயக்கக் கலக்கம்னா குரல் கேட்டு அடங்கும். அடங்கலைன்னா தையலுக்குத் தள்ளி, ஒரு கை அகலம் தள்ளி, மெதுவா தொடுங்க. அழுத்த வேணாம். அப்படியே கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வாங்க."

அவள் காத்திருந்தாள். கட்டிலருகே அம்மா குனிந்து, மிக்ஸி படம் போட்ட அட்டைப் பெட்டியைப் போர்வைக்கடியிலிருந்து உருவினாள். அதைச் சுவரோரம் வைத்துவிட்டு, போர்வையை அவர் உடம்போடு சேர்த்து இழுத்துவிட்டாள்.

"தொடுறேன் டாக்டர். இன்னும் ஒண்ணும் பண்ணல."

"கிட்ட வாங்க."

அம்மா அப்பாவின் விலாவில் விரல்நுனியை வைத்தாள். முகத்தைப் பார்த்தாள். விரலை வயிற்றுப் பக்கம் நகர்த்தினாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு முழு உள்ளங்கையையும் வயிற்றின்மேல் வைத்து, அங்கேயே வைத்திருந்தாள்.

"திரும்பிப் பாக்குது டாக்டர். உதட்டை நக்குது. கையைத் தள்ளப் பாக்குது."

"அப்ப வலிதான். ட்ரேல ரெண்டாவது சிரிஞ்ச், பேர் ஒட்டி வெச்சிருக்கேன். நம்ம டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு இப்பவே போடச் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னு யாராவது சொன்னா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சரிங்க டாக்டர். அப்பா எப்படி இருக்காங்க?"

"போயிட்டாரு சிஸ்டர். நீங்க அதைப் பாருங்க."

வைத்துவிட்டாள். அண்ணன் கதவருகே நின்றிருந்தான். அவன் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்து வெயில் ஏறிய பிறகு கேப்டன் வந்தான். இறங்கிய விமான நிலையத்திலேயே அண்ணன் போனில் சொல்லியிருந்தான். தோளில் பையோடு நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே என்ன பேசினான், பேசினானா என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது பை இன்னும் தோளிலேயே இருந்தது. அக்காதான் அதைக் கழற்றி வாங்கினாள்.

"ஏதாவது சாப்பிட இருக்கா?" என்றான்.

சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டான். அண்ணன் பரிமாறினான். போட்டதையெல்லாம் சாப்பிட்டான். இன்னும் கேட்டான். ஏர்போர்ட்டில் எதையும் தொடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ரொம்பக் கஷ்டப்பட்டாராக்கா?"

"நேத்து மத்தியானம் வரைக்கும் பட்டாரு."

"அதுக்கப்புறம்?"

"படல. குறட்டை விட்டாரு."

"இவ சும்மா சொல்றாளா?" என்று அண்ணனைக் கேட்டான்.

"இல்லடா. நான் பக்கத்துலயே இருந்தேன்" என்றான் அண்ணன். "கூடம் வரைக்கும் கேட்டுது."

கேப்டன் தலையாட்டினான். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

பகலில் வண்டி வந்து அப்பாவைக் கொண்டுபோனது. எல்லாம் முடிந்து திரும்பியபோது வீடு அலசிவிட்டதுபோல் இருந்தது. அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவள், யாரோ விசாரித்ததற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. விசாரித்தவர்கள் எழுந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போனதும் அழைப்பு மணி அடித்தது. செய்தி மெல்லப் பரவியதால் ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். மணிச் சத்தத்துக்கு அம்மாவின் இமை துடித்தது. விழிக்கவில்லை.

அண்ணன் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, இரண்டு வார்த்தை பேசி அனுப்பினான். கேப்டன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறி, மணியின் மூடியைக் கழற்றி ஒரு ஒயரை மட்டும் விடுவித்தான். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கினான்.

அக்கா ஜன்னலோரம் நின்றிருந்தாள். அப்பாவுடன் வேலை பார்த்தவர்போல் தெரிந்த வயதான ஒருவர் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கி, கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டு பொத்தானை அழுத்தினார். காதைக் கதவுப் பக்கம் கொடுத்தார். மறுபடி அழுத்தினார்.

அவர் தட்டுவதற்குக் கையை ஓங்குமுன் அவள் போய்க் கதவைத் திறந்தாள்.